அக்டோபர், இடது கைக்கு மட்டும்

அன்றைக்கு அந்த வாதாமரத்தடியில் இருந்தவர்கள், கயிற்றைப் பிடித்திருந்த கன்னியப்பனும் அவனுடைய ஆட்களும், தன் ஸ்கூட்டரை மட்டும் நகர்த்திவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் நின்றுகொண்ட வீட்டுக்காரர் லோகநாதன், வேலை தொடங்குமுன் ஜெபம் பண்ண வந்து, பண்ணி முடித்த பிறகும் போகாத ஆயர் ஜெபநேசன், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த எமிமா அக்கா, எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்த அவளுடைய கணவர் ரூபன் அத்தான், சக்கர நாற்காலியில் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் நான், எங்கள் எல்லோருக்கும் மேலே, முதல் மாடி உயரத்தில், பழைய மெத்தையும் போர்வைகளும் சுற்றிக் கட்டிய பியானோ, அது வீட்டிலும் இல்லை, தரைக்கும் வரவில்லை, காற்று வரும்போது கயிற்றில் தன்னைத்தானே மெதுவாகத் திருப்பிக்கொள்கிறது, மாசி மாதம், மரம் முழுக்க ரத்தச் சிவப்பில் இலைகள், ஒவ்வொன்றும் கையகலம், பியானோவின் மேல் விழுந்து தங்குகின்றன, அது திரும்பும்போது சில சரிந்து அப்பாவின் மடியில் விழுகின்றன, வுடு வுடு, புடி, டேய் இஸ்க்காதடா, அதுவா வரும், கொஞ்சம் கொஞ்சமா வுடு, என்று கன்னியப்பன் கத்துகிறான், அப்பா தலையை அண்ணாந்து பார்த்து, ஸ்தோத்திரம், என்றார். ஆயருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமென், என்றார் அவர், பாருங்கம்மா, வீட்ட விட்டுப் போற நேரத்துலயும் அந்த மனுஷன் வாயில வேற வார்த்தை இல்ல. நான் அப்பாவின் இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தது.

அந்தக் கை எனக்குத் தெரியும், முகத்தைவிட அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அந்த வருடங்களில் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்ததே குறைவு, அவர் எழுந்திருக்கும்போது நான் படுக்கப்போவேன், பொறியியலை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு எழுத்தில் அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவர்களுக்குப் பகல் என்றால் எனக்கு ராத்திரி, காலையில் கம்பெனி வேன் வேப்பேரி முனையில் இறக்கிவிடும், மாடியேறி வந்து சாப்பிடாமல் படுப்பேன், படுத்ததும் பக்கத்து அறையில் பியானோ ஆரம்பிக்கும், பத்து மணி வெயிலில், ஜன்னலில் போர்வை தொங்கும் இருட்டில், அது எங்கேயோ கீழ்வீட்டில் யாரோ சருகின்மேல் நடக்கிற மாதிரி கேட்கும். அந்தப் பியானோவில் மூன்று பெடல்கள், நடுவில் இருப்பதை மிதித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் உள்ளே கம்பளித் துணிப் பட்டை ஒன்று சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் இறங்கிக்கொள்ளும், ஓசை பாதி செத்துவிடும், மகன் தூங்க வேண்டும் என்று அப்பா அதைத் தள்ளிவிட்டுத்தான் வாசிப்பார், எனக்கு அது தெரியாது, அந்தப் பாட்டின் இயல்பே அதுதான் என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன், இலையுதிர்காலம் என்றால் இப்படித்தான் கேட்கும், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி.

பாட்டுக்குப் பெயர் அக்டோபர். பாட்டு என்றால் வார்த்தை கிடையாது, வெறும் வாசிப்பு, அப்பா போட்டது. துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பவர், வெளிநாடு என்று கப்பல்களைத்தான் பார்த்திருக்கிறார், ஜெர்மனியில் நர்ஸாக இருந்த பெரியம்மா மகள் ஒருமுறை அனுப்பிய காலண்டர் பியானோவுக்கு மேலே தொங்கியது, அதில் அக்டோபர் மாதத்துப் படம், ஒரு மண்சாலை, இரண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள், ஆள் இல்லை, அந்தத் தாளை அப்பா திருப்பவே இல்லை, வருடம் போய், அடுத்த வருடமும் போய், அந்த வீட்டில் எப்போதும் ஏதோ ஒரு பழைய அக்டோபர். நம்ம ஊரில் அக்டோபர் என்றால் மழை, கொடியில் காயாத துணி, படிக்கட்டில் வழுக்கும் பாசி. இங்கே இலை உதிர்வது தையிலும் மாசியிலும், அதுவும் வாசலில் நிற்கிற அந்த வாதாமரம் ஒன்றுதான் காலண்டரில் இருக்கும் மாதிரி சிவந்து உதிரும், பால்கனி முழுக்க விழும், அம்மா பெருக்குவாள், பெருக்கி நிமிர்வதற்குள் இன்னொன்று விழும், இந்த மரத்துக்கு வேற சோலியே கிடையாதா, என்பாள், விளக்குமாற்றை மரத்தைப் பார்த்து நீட்டிக் கேட்பாள். அப்படி ஒரு மாசி மாதத்தில்தான் அம்மா செத்துப்போனாள், காய்ச்சல் என்று படுத்தவள், வீட்டுக்குத் திரும்பவில்லை, அடக்கம் முடிந்து வந்தபோது பால்கனியில் பெருக்காத இலைகள் காலடியில் நொறுங்கின, அப்பா அவற்றைப் பெருக்கவிடவில்லை, பிறகுதான் அந்த வாசிப்பு ஆரம்பித்தது. அம்மாவுக்காகப் போட்டதா என்று ஒருநாள் கேட்டேன். எளவு, அது காலண்டரப் பாத்துப் போட்டதுல, என்றார். எளவு இல்லாமல் அப்பா ஒரு வாக்கியம் பேசமாட்டார், எளவு வெயிலு, எளவு பஸ்ஸு, கோயிலில் பாட்டுக்குழு சுருதி விட்டால் ஆர்கனுக்குப் பின்னால் இருந்துகொண்டே எளவெடுத்தவனுவ என்பார், முதல் வரிசைக்குக் கேட்கும்.

எனக்கும் ஒரு இலையுதிர்காலம் தெரியும், என் வேலையில் வந்தது. அக்டோபர் ஆனால் அங்கிருந்து வரும் பதிவுகளில் கிழவர்கள் ஏணியிலிருந்து விழுவார்கள், கூரை ஓரத்துக் குழாயில் அடைத்த சருகை அள்ள ஏறி விழுவார்கள், இடுப்பு, மணிக்கட்டு, தோள்பட்டை, டாக்டர் சளிக்குரலில் சொல்லிக்கொண்டே போவார், நான் அடித்துக்கொண்டே போவேன், காலையில் வந்தால் அப்பா கேட்பார், என்னல, அங்க இலை உதிர ஆரம்பிச்சுட்டா. ஆரம்பிச்சுட்டுப்பா, நேத்து ரெண்டு இடுப்பு. அவர் சிரிப்பார், பல்செட் போடாத சிரிப்பு, எளவு, அழகா இருக்குன்னு மேல ஏறிப் பாத்திருப்பான். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது ஏறக்குறைய அவ்வளவுதான்.

பிறகு அந்த ஞாயிறு. ஆராதனை முடிவில் ஆமென் பாடும்போது அப்பா ஆர்கனின் மேல் சாய்ந்தார், கை கட்டைகளை அமுக்கிக்கொண்டது, ஆர்கன் நிற்கவில்லை, அவர் வேண்டுமென்றே ஆமெனை நீட்டுகிறார் என்று நினைத்து சபை முழுக்க நின்று பாடிக்கொண்டே இருந்தது, மூச்சு முட்டியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவு நீளமான ஆமெனை அந்தக் கோயில் கேட்டதில்லை, கடைசியில் குழந்தை ஒன்று சிரித்த பிறகுதான் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், பியானோ இல்லாத ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், சரியாக வராது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பாவின் வலது பக்கம் போயிருந்தது, கை, கால், வாயின் ஓரம், பேச்சும் போயிருந்தது, டாக்டர் படம் வரைந்து காட்டினார், மூளையில் இடது பக்கம் அடிபட்டால் வலது கையும் பேச்சும் சேர்ந்து போகும், சிலருக்கு ஏதாவது ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சும், அது அவர்கள் அதிகம் சொன்ன வார்த்தையாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. எளவு மிஞ்சியிருக்கலாம். மிஞ்சியது ஸ்தோத்திரம்.

கஞ்சி கொடுத்தால் ஸ்தோத்திரம். ஊசி போட்டால் ஸ்தோத்திரம். படுக்கையை நனைத்துக்கொண்டு வெட்கத்தில் கண்ணை மூடி ஸ்தோத்திரம், பக்கத்துக் கட்டில்காரன் ரேடியோவைச் சத்தமாக வைத்தால் நரம்பு புடைக்க ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கத்துவார், பார்க்க வந்த சபையார் அழுதார்கள், இவ்வளவு பாடு பட்டும் ஆண்டவரைத் துதிக்கிறார் பாருங்கள், ஆயர் ஜெபநேசன் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அப்பாவின் பேரைச் சொன்னார், தெரியாதவர்களெல்லாம் வீட்டுக்கு வந்து காலைத் தொட்டார்கள், அப்பா அவர்களைப் பார்த்து மிகக் கெட்ட எண்ணத்தோடு ஸ்தோத்திரம் சொன்னார். நான் விளக்கிப் பார்த்தேன். அது நோய், அதுக்கு அர்த்தம் கெடையாது, அவரு வேணாங்கறதுக்கும் அதத்தான் சொல்வாரு. வந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், கோயிலுக்கு வராதவன் வேறு எப்படிப் பேசுவான். கையைப் பார்த்தால் தெரியும், பிடிக்காவிட்டால் கட்டைவிரல் உள்ளே போகும், பிடித்தால் விரல்கள் தொடையின் மேல் தாளம் போடும், அதைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

வேலையை விட்டது அப்போதுதான், பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, எனக்கும் காது வலிக்க ஆரம்பித்திருந்தது, ராத்திரி விழித்து விழித்துப் பகல் எது என்று மறந்திருந்தது. அப்பாவைக் குளிப்பாட்டி நாற்காலியில் வைத்து எங்கே தள்ளிக்கொண்டு போனாலும் அவர் பியானோ இருக்கும் பக்கமே பார்த்தார், ஒருநாள் தூக்கி அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தேன், இடது ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார், மூடியைத் திறந்தேன், இடது கை மட்டும் எழுந்து இறங்கியது, அக்டோபர், ஆனால் எனக்குத் தெரிந்த அக்டோபர் இல்லை, கம்பளி இல்லாமல், கீழ்ப்பகுதி மட்டும், யாரோ கனமான ஒருவர் நின்று நின்று நடப்பது போல, சிறிது தூரம் போய் நின்றது. அப்பா வலது பக்கம் திரும்பி, காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஸ்தோத்திரம், என்றார். எனக்கு எதுக்குப்பா, எனக்குத் தெரியாது, என்றேன், சின்ன வயதில் அவர் கற்றுக்கொடுத்து நான் ஓடிப்போனவன், அக்காதான் கொஞ்ச நாள் வாசித்தாள், அவளும் கல்யாணத்தோடு விட்டுவிட்டாள். ஸ்தோத்திரம், என்றார் இன்னும் சத்தமாக. உட்கார்ந்தேன்.

பேச்சு போனாலும் ராகம் போகவில்லை, மூக்கால் முனகினார், மேற்பகுதியை ஒவ்வொரு சுரமாக முனகுவார், நான் ஒற்றை விரலால் கட்டைகளில் தேடுவேன், தப்பாக அமுக்கினால் காதுக்குள் ஸ்தோத்திரம் என்று கத்துவார், சரியாக அமுக்கினால் ஒன்றும் சொல்லமாட்டார், மழைக்காலம் முழுவதும் இப்படியே, கீழே லோகநாதன் மனைவி, காலங்காத்தால உங்க வீட்ல ஜெபம் பலமா நடக்குதுப்பா, என்றாள். இப்படி எனக்கு வலது கைப் பகுதி வந்தது, வேறு எந்தப் பாட்டும் தெரியாது, அது மட்டும். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், அவர் தோள் என் தோளில் சாய்ந்திருக்கும், செத்த கை எங்கள் இருவருக்கும் நடுவே மடியில் கிடக்கும், அதைத் தாண்டி வாசிப்போம். அந்தப் பாட்டின் முடிவில் வலது கைக்கு வேலை இல்லை, மேலே உதிர்வதெல்லாம் உதிர்ந்து தீர்ந்தபிறகு இடது கை மட்டும் தனியாகக் கொஞ்சம் இறங்கும், படிப்படியாக, நின்று நின்று, கடைசிக் கட்டைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்பேன், தூங்கும்போது இவ்வளவு தூரம் ஒருநாளும் கேட்டதில்லை, இதற்குள் தூங்கியிருப்பேன்.

நான் பால் வாங்கப் போன ஒரு காலையில் அப்பா தானாகப் பெஞ்சுக்குப் போகப் பார்த்து விழுந்தார். எலும்பு ஒன்றும் உடையவில்லை, நெற்றியில் புடைத்திருந்தது, லோகநாதன் மேலே ஓடிவந்தவர் நான் வருவதற்குள் கோயம்புத்தூருக்கு போன் பண்ணிவிட்டார். மறுநாள் அக்காவும் அத்தானும் வந்து நின்றார்கள். அக்கா கெட்டவள் இல்லை, அவள் வீடு தரைவீடு, பக்கத்துத் தெருவில் பிசியோதெரபி, அப்பாவுக்கென்று ஒரு அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள், வந்ததும் அப்பாவின் நகத்தை வெட்டினாள், மூலையில் கிடந்த துணிகளைத் துவைத்தாள், துவைத்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். ஒன்னயவே ஒனக்குப் பாக்கத் தெரியாது, நீ அப்பாவப் பாக்கியாக்கும். படிப்ப விட்ட, வேலைய விட்ட, நாளைக்கு அவங்களையும் ஏதாவது ஒரு நாள் விட்டுருவ. எனக்குச் சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்று, நாங்கள் வாசிக்கிறோம் என்பது, அதை அந்த ஈரத்துணிகளுக்கு நடுவில் எப்படிச் சொல்வது, வாசிச்சா போதுமா, வயிறு நெறையுமா, என்பாள், நியாயமாகவும் இருக்கும். அப்பா இங்கதான் இருப்பாங்க, என்று மட்டும் சொன்னேன். அப்பாட்டயே கேப்போம், என்றாள். கேட்டுப் பிரயோஜனமில்லக்கா, ஒனக்கே தெரியும். அவளுக்குத் தெரியும், தெரிந்தும் ஆயரை வரவழைத்தாள், யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்திருக்கும்.

ஆயர் அப்பாவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார், நல்ல மனுஷன், வேட்டி அழுக்காகும் என்று பார்க்கவில்லை. அண்ணாச்சி, மக கூப்புடறா, கோயம்புத்தூருக்குப் போறீங்களா. அப்பா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார். ஸ்தோத்திரம், என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். வேணாங்கறாங்க, கையப் பாருங்க, என்றேன். எல்லோரும் பார்த்தார்கள், கட்டைவிரல் உள்ளேதான் இருந்தது, ஆனால் அது என்ன சாட்சி, ஒரு விரல், என் ஒருவனுக்குத் தெரிந்த விரல். சரி, மாத்திக் கேளுங்க, இங்கயே இருக்கீங்களான்னு கேளுங்க, என்றேன். ஆயர் கேட்டார். ஸ்தோத்திரம். கேட்டீங்களா, ரெண்டுக்கும் அதான், என்றேன். ஆயர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு என் தோளில் கை வைத்தார், தம்பி, எங்க வச்சாலும் ஸ்தோத்திரங்கறாரு, அதவிட என்னப்பா பதில் வேணும். அப்போதுதான் நான் கடைசியாக ஒன்றைச் சொன்னேன், கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டு சொன்னேன், பியானோ போகாத எடத்துக்கு அப்பா போகமாட்டாங்க. அது அசையாது என்று எனக்குத் தெரியும், நாங்கள் குடிவந்த பிறகு லோகநாதன் படிக்கட்டுத் திருப்பத்தில் தண்ணீர் மோட்டாருக்காகச் சுவர் எழுப்பியிருந்தார், ஆள் ஏறலாம், பியானோ இறங்காது. ரூபன் அத்தான் படிக்கட்டுக்குப் போய்க் கையை விரித்து அளந்து பார்த்தார், பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார், அவர் மின்வாரியத்தில் ஆளுயர டிரான்ஸ்பார்மர்களை இறக்கி ஏற்றியவர். அதுக்கென்ன, க்ரில்ல அறுத்தா ஆச்சு, என்றார், நீ கவலப்படாத தம்பி, மாமாவோட பெட்டிய நான் பத்தரமா கொண்டுபோறேன். அன்போடுதான் சொன்னார்.

ஆக அந்தப் பியானோ அங்கே தொங்குகிறது, இன்னும் தொங்குகிறது, வுடு வுடு, புடி, வாதாம் இலைகள் அதன்மேல் விழுகின்றன, லோகநாதன் பால்கனிச் சுவரில் விழுந்த கீறலை அண்ணாந்து பார்க்கிறார், அப்பாவின் மடியில் ஒரு இலை, அதை எடுக்கப் போனேன், எடுக்கவிடவில்லை, உள்ளே மடிந்திருந்த கட்டைவிரலை வெளியே எடுத்து, இடது கையை அந்த இலையின்மேல் வைத்தார், விரல்கள் அசைந்தன, அக்டோபரின் கீழ்ப்பகுதி, நடந்து நடந்து வந்து நின்றது, என் முறை வந்தது. நான் நாற்காலியின் பின்புறக் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். வலது கையை எடுத்து அவர் தோளில் வைத்து மேற்பகுதியைச் சட்டையின்மேல் வாசித்தேன், யாருக்கும் தெரியாது, தோளை அமுக்கிவிடுகிறான் என்று நினைத்திருப்பார்கள், எங்கள் இருவருக்கும் ஓசை தேவைப்படவில்லை. முடிவுக்கு வருமுன் பியானோ தரையைத் தொட்டது, உள்ளே கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஒருமுறை உறுமின, கன்னியப்பன் ஆட்கள் கைதட்டினார்கள். சார், ஒரு இலகூட நசுங்கல பாத்தீங்களா, என்றான் கன்னியப்பன். காரில் அப்பாவை ஏற்றினோம், ஜன்னல் வழியாக இடது கையை நீட்டினார், நான் வலது கையால் பிடித்தேன், பொருந்தாத பிடி, கார் நகர்ந்தபோது விட வேண்டியிருந்தது.

வா தம்பி, நீயும் வந்து இரி, என்று அக்கா சொல்லத்தான் செய்தாள், ஒரு தடவைக்கு மேல் சொன்னாள். நான் போகவில்லை. மறுபடி வேலைக்குப் போனேன், வேறு கம்பெனி, அதே டாக்டர்கள், காலையில் வந்து படுத்தால் பக்கத்து அறையில் ஒன்றும் இல்லை, தரையில் பியானோவின் கால்கள் அழுத்திய குழிகள், சுவரில் அது மறைத்திருந்த இடம் மட்டும் வெளுக்காத பச்சை, அதற்கு மேலே காலண்டர், அதை யாரும் கேட்கவில்லை, அதனால் விட்டுப்போயிற்று. அக்கா போனில் சொல்வாள், நல்லா இருக்காங்க, சாப்புடுறாங்க, எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்தான். பியானோவைப் பற்றி நான் கேட்கவில்லை, போய்ப் பார்க்கவும் இல்லை, போனால் அந்தப் பெஞ்சில் உட்காருவேன், பிறகு எழுந்து வர வேண்டியிருக்கும், அடுத்த மாதம் போகலாம் என்று இருந்தேன், அப்படியே பங்குனி, அப்படியே ஆடி, அக்டோபரும் வந்தது, அங்கே கிழவர்கள் ஏணியில் ஏற ஆரம்பித்த வாரம், இங்கே மழை, தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு அத்தானிடமிருந்து போன், தம்பி, மாமா தூக்கத்துலயே போயிட்டாங்கப்பா.

அன்றைக்கும் இருந்தவர்கள், எமிமா அக்கா, ரூபன் அத்தான், அவர்கள் மகள் கெசியா, சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஆயர் ஜெபநேசன், கயிறு பிடித்த குழிவெட்டிகள், நான். பெட்டியின் அடியில் இரண்டு கயிறுகள் கொடுத்து இறக்கினார்கள், ஈர மண், ஒரு பக்கத்துக் கயிறு சேற்றில் மாட்டிக்கொண்டு பெட்டி பாதியில் நின்றது, மேலேயும் இல்லை, கீழேயும் போகவில்லை, லேசாக ஆடியது, நில்லுங்க, நில்லுங்க, அப்படியே புடிங்க, இப்ப உடுங்க, மெதுவா உடுங்க, என்றார் பெரியவர் ஒருவர், கோயம்புத்தூர்க் குரலில், மரியாதையாக, இலைகள் எதுவும் விழவில்லை, மழைத்துளிகள் மட்டும் மூடியில் விழுந்து சத்தம் கேட்டது, நான் மேலே பார்த்தேன், மரம் இல்லை. கடைசி மூச்சு வரைக்கும் துதித்தவர், என்றார் ஆயர். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதுதான் சரியாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது, ஒரு விரலை வைத்துக்கொண்டு எனக்கு என்ன தெரியும், அப்பா ஒருவேளை மகள் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தாரோ, இனிமேல் தெரியாது.

மறுநாள் மதியம் நான் கிளம்புமுன் அக்கா முன்னறைக்கு வந்து நின்றாள். பியானோ அங்கே இருந்தது, நன்றாகத் துடைத்து, மேலே பூத்தையல் துணி விரித்து, மூடி பூட்டியிருந்தது. அதுக்குப் பூட்டு இருக்கா, என்றேன். கெசியாவுக்குப் பரீட்ச, என்றாள் அவள், பத்தாவதுல்லா, அப்பா விடிஞ்சா போதும் வந்து உக்காந்துருவாங்க, ஒரே மாதிரி, ஒத்தக் கையால டொம்மு டொம்முன்னு, பாட்டுமில்ல ஒண்ணுமில்ல, கொஞ்சம் அடிப்பாங்க, நிறுத்துவாங்க, பக்கத்துல திரும்பிப் பாப்பாங்க, அப்புறம் அடிப்பாங்க. மூள கொழம்பிட்டுன்னு நெனச்சோம். பெஞ்சுல நடுவுல உக்கார வச்சா, நகந்து நகந்து ஓரத்துக்குப் போயிருவாங்க, விழுந்துருவாங்களோன்னு எனக்கு ஒரே பயம். அதான் பூட்டுனது. பூட்டுன பொறவும் விடல, மூடி மேலயே அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. பக்கத்துல என்னத்ததான் பாத்தாங்களோ.

அக்கா இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து சின்னச் சாவி ஒன்றைத் தேடி எடுத்து மூடியைத் திறந்தாள், இடது ஓரத்தில் உட்கார்ந்து, அப்பா கற்றுக்கொடுத்த பழைய நாட்கள் கொஞ்சம் கையில் மிச்சமிருந்தது போல, இப்படி, இப்படியேதான், என்று வாசித்துக் காட்டினாள், தடுக்கித் தடுக்கி வந்தது, ஆனால் தப்பில்லை, தினமும் கேட்டுக் கேட்டுக் காதில் ஏறியிருந்தது, நடந்து நடந்து வந்து அந்த இடத்தில் நின்றது, அவளும் நிறுத்தினாள், இந்த எடத்துலதான் திரும்பிப் பாப்பாங்க, என்று வலது பக்கம் திரும்பினாள். நான் அங்கே நின்றிருந்தேன். குனிந்து ஒற்றை விரலால் முதல் கட்டையை அமுக்கினேன், பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, உட்காரவில்லை, பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, மேற்பகுதி தொடங்கி ஒரு மூச்சு தூரம் போனதும் கையை எடுத்துக்கொண்டேன். அக்கா கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்ப அது பாதியா, என்றாள். பாதிதான், என்றேன். முழுசும் பாதிதானா. இல்ல, கடைசியில கொஞ்சம் மட்டும் அவங்களுக்குத் தனியா வரும், அது முழுசு. அக்கா நிமிரவில்லை. எனக்கு யார் சொன்னா, என்றாள், ஒருத்தரும் சொல்லலியே. அதற்குப் பதில் என்னிடம் இருந்தது, ஈரத்துணிகளுக்கு நடுவில் விழுங்கியது, இப்போது அதை எடுத்து என்ன செய்ய.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, என்றேன். அவள் தலையாட்டினாள், எழுந்து வரவில்லை, அத்தான்தான் கூட வந்தார், வாசல்வரை தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே அவள் மறுபடி ஆரம்பித்தாள், முன்னால் இருந்தது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகக் கடைசிக்கு வந்தாள், மேலே உதிர வேண்டியதெல்லாம் உதிர்ந்து தீர்ந்த இடம், இடது கை மட்டும் தனியாக இறங்குகிற இடம், ஒவ்வொரு படியாக, நின்று நின்று, வுடு வுடு, புடி, யாரும் இழுக்காதீங்க, அதுவா வரும், என் தலைக்கு மேலே எங்கேயோ அந்தப் பெரிய பெட்டி திரும்பிக்கொண்டது, அதன்மேல் சிவப்பாக ஏதோ விழுந்தது, நான் படியிறங்கினேன், இந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தி தம்பி, ஒடனே பூட்டிரணும், தப்பா எடுத்துக்காத, என்றார் அத்தான், இடது கை இறங்கிக்கொண்டே இருந்தது, தரைக்கு இன்னும் வரவில்லை, அவர் எனக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்ளே பூட்டினார்.